தார் பாலைவனம் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

டிசம்பர் கடைசி வாரத்தில் குடும்பத்துடன் நான்கு நாட்கள் ஜெய்சால்மர் செல்கிறோம். பயண முகவர் அளித்த பட்டியலில் பதினான்கு இடங்கள் உள்ளன. எவற்றை விட்டுவிடலாம்? கூட்டத்தில் சிக்காமல் பாலைவனத்தைப் பார்க்க வழி உண்டா?

செ.

அன்புள்ள செ.,

ஆண்டிலேயே கூட்டம் மிகுந்த வாரத்தைத் தேர்ந்திருக்கிறீர்கள். ஜனவரி நடுப்பகுதிக்குத் தள்ளிவைக்க முடிந்தால் நல்லது. முடியாதென்றால் இடத்தை மாற்றாமல், அங்கே போகும் நேரத்தை மாற்றுங்கள். நகரத்துக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள சம் மணற்குன்றுகளுக்கு எல்லோரும் மாலையில்தான் வருகிறார்கள். ஒட்டகங்களும் ஜீப்புகளும் ஒலிபெருக்கிகளும் சேர்ந்து அதைத் திருவிழாத் திடலாக்கிவிடுகின்றன. நான் மறுநாள் விடியுமுன் அதே குன்றுக்குச் சென்றபோது, இரவுக் காற்று முந்தைய மாலையின் காலடிகளைப் பெரும்பாலும் அழித்து மணலில் புதிய வரிகளை இட்டிருந்தது. கலைநிகழ்ச்சி பார்த்துக் களைத்தவர்கள் கூடாரங்களில் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

1156இல் ராவல் ஜெய்சால் எழுப்பிய கோட்டையில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். அதையும் காலையிலேயே பாருங்கள். உள்ளே இருக்கும் சமணக் கோயில்களுக்கும் முற்பகலே உகந்தது. ஹவேலிகள் எனப்படும் பழைய வணிகர் மாளிகைகளில் பட்வா ஹவேலி ஒன்று போதும். பாகிஸ்தான் எல்லையோரத்துத் தனோட் கோயில் ஒரு முழு நாளை விழுங்கிவிடும் என்பதால் அதை விட்டுவிடலாம்.

தார் முழுக்க மணற்குன்றுகள் என்று எண்ணிச் செல்பவர்கள் ஏமாறுகிறார்கள். ஜெய்சால்மரைச் சுற்றி பெரும்பகுதி கல்லும் புதருமான வெளிதான். அந்த வெளியில், பார்மேர் சாலையில் 17 கிலோமீட்டர் தொலைவில், அகல் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே நின்ற காட்டின் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. நம் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக் கல்மரங்களைவிடப் பன்மடங்கு பழையவை. இரும்புக் கூண்டுக்குள் கிடக்கும் தண்டுகளைப் பார்த்ததும் பிள்ளைகள் முகம் சுளிக்கலாம். பரவாயில்லை, அழைத்துச் செல்லுங்கள்.

கைவிடப்பட்ட குல்தாரா கிராமத்தை ஆவிக்கதைக்காகப் பார்க்க வேண்டாம். அங்கு வாழ்ந்த பாலிவால் மக்கள், சரிவின் கீழே நீளமான மண்கரை எழுப்பி, மேலிருந்து வழிந்துவரும் மழைநீரைத் தேக்கி, அது வற்றியபின் எஞ்சும் ஈரத்திலேயே பயிரிடும் முறையில் கைதேர்ந்தவர்கள். அந்த நிலங்களைக் ‘கடீன்’ என்பார்கள். திரும்பும் வழியில் ஓட்டுநரிடம் ஒரு கடீனைக் காட்டச் சொல்லுங்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டென்றால், டிசம்பரில் அங்கே கோதுமையும் கொண்டைக்கடலையும் பச்சையாக நிற்கும். உங்கள் பட்டியலில் அது இருக்க வாய்ப்பில்லை.