ஈஸ்ட்டுக்கு உருவம் தருவது எது? கேள்வி பதில்

மன்னார்குடி மாணவி: ஐயா, கெட்டியான சுவருக்குள் அடைபட்ட ஈஸ்ட் செல் எப்படி வளர்கிறது?

வளர்வதற்கான விசை உள்ளேயே இருக்கிறது. செல்லில் கரைந்துள்ள பொருள்கள் வெளிநீரை இழுப்பதால் உண்டாகும் விறைப்பழுத்தம் சுவரை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் தள்ளுகிறது; நடுவில் பிளந்து இரண்டாகும் வகையான பிளவுறும் ஈஸ்ட்டில் அது ஏறத்தாழ 10 வளிமண்டல அழுத்தம், கார் டயரில் உள்ளதைப் போல நான்கு மடங்கு. கொள்ளிடம் கரைபுரண்டு வரும் நாளில் தண்ணீர் கரை முழுவதையும் நெருக்கினாலும், மண் இளகிய இடத்தில்தான் உடைப்பு எடுக்கும். ஈஸ்ட்டிலும் சுவர் இளகிய இடமே புடைக்கிறது. ஆனால் இங்கே பழைய சுவர் இளக இளகப் புதுச் சுவர் இடப்படுகிறது. அந்த நிதானம் தவறினால் செல் வெடித்துவிடும்.

கும்பகோணம் ஆசிரியை: எந்த இடம் இளக வேண்டும் என்பதை எது தீர்மானிக்கிறது?

செல்லுக்குள் இருக்கும் புரத இழைகளாலான சட்டகம்தான், அதிலும் குறிப்பாக ஆக்டின் என்னும் புரதத்தின் இழைகள். ரொட்டி ஈஸ்ட்டில் முதலில் சிடிசி42 என்னும் புரதம் சவ்வின் ஒரு புள்ளியில் குவிகிறது. அது தூண்டிவிடும் ஃபார்மின் புரதங்கள் ஆக்டின் இழைகளை வளர்க்க, அந்த இழைகளின் வழியே மயோசின் புரதம், சவ்வுப் பொருளும் சுவர் கட்டும் நொதிகளும் அடங்கிய நுண்பைகளை அப்புள்ளிக்கு இழுத்து வருகிறது. அங்கே புதுச் செல்லாகப் போகும் மொட்டு எழுகிறது. அதன் கழுத்தைச் செப்டின் என்னும் புரத வளையமும், அதையொட்டி இடப்படும் கைட்டின் என்னும் உறுதியான சுவர்ப்பொருளின் வளையமும் அகலாமல் பிடித்துக்கொள்கின்றன. ஆக்டினைக் குலைக்கும் லாட்ரங்குலினைச் சேர்த்தால் மொட்டு விடுவதே நின்றுபோகும். சட்டகத்தின் இன்னொரு பகுதியான, குழல் வடிவ நுண்குழல்களைக் குலைத்தாலோ மொட்டு வளரும், கருப்பிரிவுதான் தடைபடும். என் மாணவர்களிடம் நான் முதலில் சொல்லும் சோதனை இதுவே. இதைவிடத் தெளிவாக இவ்விரண்டின் வேலையையும் பிரித்துக் காட்டுவது கடினம்.

திருவாரூர் மாணவர்: அப்படியானால் உருவத்தில் நுண்குழல்களுக்குப் பங்கே இல்லையா?

கிழக்கு ஆப்பிரிக்கத் தினை பீரிலிருந்து 1893-இல் விவரிக்கப்பட்ட பிளவுறும் ஈஸ்ட்டில் உண்டு. கோல் வடிவான இந்தச் செல் முனைகளில் மட்டுமே நீள்கிறது. நீளவாக்கில் ஓடும் நுண்குழல்கள் டீ1 என்னும் புரதத்தை முனைகளில் கொண்டுசேர்த்து, வளர வேண்டிய இடத்தைக் குறிக்கின்றன. அந்தப் புரதம் இல்லாத செல்கள் வளைந்தோ, நடுவில் கிளைத்தோ வளர்கின்றன.

மயிலாடுதுறை வாசகர்: சுவரை நீக்கிவிட்டால்?

எந்த வடிவச் செல்லும் உருண்டையாகிவிடும். வெளிநீர் உள்ளே பாய்வதைக் குறைக்கும் சார்பிட்டால் என்னும் சர்க்கரை போன்ற பொருளின் கரைசலில் வைக்காவிட்டால் நீரை உறிஞ்சி வெடிக்கும். பாடநூல் படங்களில் சுவரை வெறும் கோடாக வரைவது எனக்கு வருத்தம் தருகிறது.

நாகப்பட்டினம் செவிலியர்: பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் காஸ்போஃபங்கின் மருந்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சுவரின் முதன்மை இழையான பீட்டா-1,3-குளுக்கானை உருவாக்கும் நொதியை அது தடுக்கிறது. மனிதச் செல்களுக்குச் சுவர் இல்லாததால் அந்த நொதியும் நம்மிடம் இல்லை. கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சையின் தொற்றில் மருந்து பூஞ்சையைக் குறிவைத்துத் தாக்க முடிவது அதனால்தான்.