கேளுங்க சொல்லுறன்: எங்கட ஊர் கிராமமா டவுனா?

கேள்வி: மாமா, நான் ஏ.எல். ஆட்ஸ் படிக்கிறன், புவியியலும் ஒரு பாடம். எங்கட வீட்டில இருந்து நடந்து போற தூரத்தில ஆதார வைத்தியசாலை, கோர்ட், பேங்க், பஸ் டிப்போ எல்லாம் இருக்கு. ஆனா சேர் சொல்லுறார் குடிசன மதிப்பீட்டுப்படி நம்மட ஊர் கிராமியத் துறையாம். அப்பாக்கிட்ட சொன்னா சிரிக்கார். ஆர் சொல்லுற சரி?
(மாணவி, களுவாஞ்சிக்குடி)

பதில்: மகள், சேர் சொன்னதும் சரி, அப்பா சிரிச்சதும் சரி. நம்மட நாட்டில ஒரு ஊர் நகரமா கிராமமா எண்டுறத கட்டடத்தப் பாத்தோ ஆக்கள எண்ணியோ முடிவெடுக்கிறல்ல, அது எந்தச் சபைக்கு கீழ கிடக்கு எண்டு மட்டும்தான் பாக்கிற. மாநகரசபை, நகரசபை எண்டா நகரம், பிரதேசசபை எண்டா கிராமம், அவ்வளவுதான். (தோட்டம் எண்டு மூண்டாவது ஒண்டும் இருக்கு, அது மலையகத்துக் கத, விடுங்க.) உங்கட ஊர் மண்முனை தென் எருவில் பற்று பிரதேசசபைக்குள்ள வாறதால கோர்ட் இருந்தாலும் கிராமம், கொஞ்சம் வடக்கால போனா காத்தான்குடிக்கு நகரசபை இருக்கு, அதால அது நகரம். வாழைச்சேனையையும் பாருங்க, ரெயில் ஸ்டேஷன், கடதாசி ஆலை, மீன்பிடித் துறைமுகம் எல்லாம் இருந்தும் கணக்கில கிராமம்தான்.

முந்தி இப்பிடி இல்ல, பட்டினசபை எண்டு இன்னொரு வகைச் சபையும் இருந்த, 1981 கணக்கெடுப்பில அதுகளையும் நகரத்தோட சேத்துத்தான் எண்ணினவங்க, அப்ப நாட்டில நூத்துக்கு 21.5 பேர் நகரவாசி. 1987ல பிரதேசசபைச் சட்டம் வந்தாப்பிறகு அந்த பட்டினங்களெல்லாம் பிரதேசசபைக்குள்ள போயிட்டு. 2012ல எண்ணிப் பாத்தா நகரத்தில 18.2 வீதம்தான், கிராமத்தில 77.4. முப்பது வருசத்தில சனம் டவுன விட்டுட்டு வயலுக்கு ஓடிப் போச்சா எண்டு கேட்டா இல்ல, இருந்த இடத்திலயே இருந்த ஆக்கள்ர ஊருக்கு பேர மாத்திட்டாங்க.

அப்ப உண்மையில எத வச்சு பாக்கிற எண்டு கேட்டா, நான் கடைசி பஸ்ஸ வச்சுத்தான் பாக்கிற. பின்னேரம் கடைசி பஸ் எங்க இருந்து வெளிக்கிடுதோ அது டவுன், எங்க போய் படுக்குதோ அது கிராமம். ஒருக்கா குருமண்வெளியில இருந்து மண்டூருக்கு பாதையில (வாவியக் கடக்கிற மிதவைய நாங்க பாதை எண்டுதான் சொல்லுற) போனன், மோட்டார் சைக்கிள், யூரியா பேக், கோழி, பள்ளிக்கூடப் புள்ளயள் எல்லாம் ஒண்டா நிக்கிற பாதைதான். அந்தப் பக்கத்தால வந்து இறங்கின ஒரு அக்கா, இறங்கினதும் சேறு பட்ட பாட்டா செருப்ப கழட்டி சொப்பிங் பேக்குக்குள்ள வச்சு சுத்திப்போட்டு, கைப்பையில இருந்து குதி வச்ச செருப்ப எடுத்துப் போட்டா. எங்கக்கா போறீங்க எண்டு கேட்டன், "டவுனுக்கு" எண்டா. மட்டக்களப்புக்கு இல்ல மகள், உங்கட களுவாஞ்சிக்குடிக்குத்தான். வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரைச் சனத்துக்கு நீங்க டவுன், உங்களுக்கு மட்டக்களப்பு டவுன், மட்டக்களப்பாருக்கு என்ன எண்டு கேட்டா கொழும்பப் பாத்து கைய காட்டுவாங்க.

பரீட்சைக்கு மட்டும் சேர் சொன்னதையே எழுதுங்க, செருப்புக் கதையெல்லாம் எழுதினா மாக்ஸ் வராது.

கேள்வி: வெளிநாட்டிலயெல்லாம் எத்தின பேர் இருந்தா நகரம்?
(வாசகர், ஆரையம்பதி)

பதில்: ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு கோல் தம்பி. டென்மார்க்கில வீடுகள் கிட்டக்கிட்ட இருந்து 200 பேர் சேந்தாலே நகரக் குடியிருப்புத்தான், ஜப்பான்ல 'ஷி' எண்டு மாநகரப் பேர் எடுக்க பொதுவா 50,000 பேர் வேணும். இந்தியாவில சபை இல்லாட்டியும் 5,000 பேர், சதுர கிலோமீற்றருக்கு 400 பேர், அதோட வேலை செய்யிற ஆம்பிளையள்ல நூத்துக்கு 75 பேர் விவசாயம் இல்லாத தொழில் செய்யோணும். இந்தக் கடைசி விசயத்த நம்மட பக்கம் கொண்டுவந்தா பெரிய கரச்சல், ஏனெண்டா காலையில பள்ளிக்கூடத்தில படிப்பிச்சுப்போட்டு பின்னேரம் வயலுக்க நிக்கிற சேர எந்தக் கொப்பியில எழுதுற?

பிரித்தானியாக்காரன் அதுக்கும் மேல, அங்க 'சிற்றி' எண்டுறது முடிசூடின அரசரோ அரசியோ குடுக்கிற பட்டம். வேல்ஸ்ல சென் டேவிட்ஸ் எண்டு ஒரு சின்ன இடம், 2,000 பேர் கூட இல்ல, ஆனா அது மாநகரம். நம்மட ஊருல கோயில் திருவிழாவுக்கு வாற சனம் அத விட கூட.

கேள்வி: அம்பாறைதான் மாவட்டத் தலைநகரம். ஆனா அதுக்கு நகரசபை, கல்முனைக்கும் அக்கரைப்பத்துக்கும் மாநகரசபை. தலைகீழா இல்லையா?
(வாசகர், காரைதீவு)

பதில்: தலைகீழ் இல்ல, ரெண்டும் வேற வேற விசயம். கச்சேரி (மாவட்டச் செயலகம்) எங்க இருக்கோ அது மாவட்டத் தலைநகரம், சபைட தரம் எண்டுறது தனி முடிவு. அம்பாறை டவுன் கல்லோயா நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டத்தோட வளந்த ஊர், 1961ல மட்டக்களப்பில இருந்து மாவட்டத்த பிரிச்சு எடுக்கக்குள்ள கச்சேரி அங்க போயிட்டு. கடற்கரைப் பக்கம் அதுக்கு எவ்வளவோ முந்தியே நெருக்கமா சனம் குடியிருந்த இடம். அக்கரைப்பத்துக்கு 2011ல மாநகரசபை வந்த. கல்முனைட எல்லைப் பிரச்சினையப் பத்தி நீங்க கேக்கல்ல, நானும் கதைக்கல்ல, பத்திரிகைக்கு கடிதம் வந்து குவிஞ்சிடும்.

கேள்வி: மாநகரசபைக்குள்ள இருக்கிற எனக்கு ஏன் இன்னும் 'கிராம' சேவகர்?
(இல்லத்தரசி, புளியந்தீவு)

பதில்: அந்தப் பேர் நாடு முழுக்க ஒண்டுதான் அக்கா, கொழும்பு கோட்டையில இருக்கிறவரும் வதிவிடச் சான்றிதழுக்கு கிராம சேவகருட்டத்தான் போகோணும்.

கேள்வி: எங்கட பிரதேசசபைய நகரசபையா தரமுயர்த்தச் சொல்லி கையெழுத்து சேக்கிறாங்க. வைக்கட்டா?
(வாசகர், அம்பாறை மாவட்டம்)

பதில்: வைக்க முதல் ரெண்டு விசயம் கேட்டுப் பாருங்க. ஒண்டு, சோலைவரி, அதாவது வீடு வளவுக்கு சபைக்கு கட்டுற வரி. பிரதேசசபைக்குள்ள அபிவிருத்தியடைஞ்ச இடம் எண்டு அறிவிச்ச பகுதிக்குத்தான் அந்த வரி, நகரசபை ஆகினா இப்ப கட்டாத ஆக்களுக்கும் பில் வரலாம். ரெண்டு, தலைவர்ர பேர் மாறும் எண்டு நினைக்காதீங்க, அங்கயும் தவிசாளர்தான், மேயர் எண்டு சொல்ல மாநகரசபை ஆகோணும். மத்தபடி றோட்டு, லைட்டு, குப்பை எல்லாம் சபையில இருக்கிற ஆளையும் காசையும் பொறுத்த. நான் இருக்கிற இடம் பேருக்கு நகரம். குப்பை ட்ரக்டர் கிழமைக்கு ஒருக்கா வருகுது, மணி அடிக்கும், நான் வாளிய தூக்கிக்கிட்டு கேற்றடிக்கு ஓடி வாறதுக்குள்ள அடுத்த ஒழுங்கையில மணி கேக்கும்.