சம்பளமும் வேண்டும், நேரமும் வேண்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எட்டு ஆண்டுகளாகத் தணிக்கை நிறுவனம் ஒன்றில் பணியாற்றுகிறேன். சம்பளத்தில் குறையில்லை. ஆனால் பிள்ளைகள் உறங்குவதற்குள் வீடு திரும்பும் நாள்கள் மிகக் குறைவு. வருமானம் பெரிதாகக் குறையாமல், நேரமும் நம் வசம் இருக்கக்கூடிய வேலைகளைப் பட்டியலிட்டுத் தர முடியுமா?

பதில்: பட்டியல் தருவது எளிது, அதை நம்பி வேலை மாறுவதுதான் ஆபத்து. ஒரே பதவியில் இருக்கும் இருவரில் ஒருவர் மாலை ஐந்தரை மணிக்குக் கிளம்பிவிடுகிறார், வேறொரு நிறுவனத்தில் இருப்பவர் நள்ளிரவில்தான் கணினியை மூடுகிறார். ஆகவே பதவியின் பெயரை விட்டுவிட்டு, நீங்கள் பாதியில் எழுந்து போனால் அந்த வேலையை இன்னொருவர் அங்கிருந்தே தொடர முடியுமா என்று பாருங்கள்.

2023ஆம் ஆண்டு பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் நெடுங்காலம் ஆராய்ந்தது இதைத்தான். சட்டம், நிதி போன்ற துறைகளின் உயர்பதவிகளில் இரு மடங்கு நேரம் உழைப்பவருக்கு இரு மடங்குக்கும் மேலாகவே சம்பளம் கிடைக்கிறது. வேளை கெட்ட வேளையில் அழைத்தாலும் ஓடி வருபவருக்குத்தான் அங்கே ஏற்றம். இவற்றைப் பேராசை பிடித்த வேலைகள் என்றே அவர் குறிப்பிடுகிறார். இதற்கு நேர்மாறாக அவர் காட்டுவது அமெரிக்க மருந்தாளுநர் பணி. ஷிப்ட் மாறும்போது அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள்: நோயாளி முன்பு வாங்கிய மருந்துகள், அளவு, அவருக்கு ஒவ்வாதவை, மருத்துவர் எழுதிய புதிய சீட்டு எல்லாம் கணினித் திரையில் இருக்கின்றன, மருந்துகளும் பெரும்பாலும் ஒரே தரத்தில் தயாராகி வருகின்றன. காலையில் வந்தவர் விட்ட இடத்திலிருந்து மாலையில் வந்தவர் தொடர்கிறார், நோயாளிக்கு எந்தக் குறையும் ஏற்படுவதில்லை. அதனால்தான் குறைந்த நேரம் பணியாற்றுபவருக்கும், ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால், ஏறக்குறைய அதே ஊதியம் கிடைக்கிறது.

இந்த அளவுகோலைக் கொண்டு மற்ற வேலைகளையும் எடைபோடலாம். ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை தரும் கதிரியக்க மருத்துவர்களில் பலர் இப்போது வீட்டிலிருந்தே, தமக்கென ஒதுக்கிய நேரத்தில் பணியாற்றுகிறார்கள். கண் பரிசோதனை, செவித்திறன் சோதனை, பேச்சுப் பயிற்சி ஆகியவற்றில் முன்பதிவு முறை இருப்பதால், நாளை எத்தனை பேரைப் பார்ப்பது என்பதை இன்றே முடிவு செய்துகொள்ளலாம். காப்பீட்டு நிறுவனங்களுக்கு இடர்க் கணக்குப் போடும் ஆக்சுவரிகளுக்கு ஊதியமும் அதிகம், பணிநேரமும் பெரும்பாலும் சீரானது; ஆனால் தேர்வுகளை எல்லாம் எழுதி முடிக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், உங்கள் வயதில் அதை முதலிலிருந்து தொடங்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. மென்பொருள் எழுதுவது நெகிழ்வான வேலைதான். என்றாலும், இரவில் சர்வர் நின்றால் யாருடைய தொலைபேசி ஒலிக்கும் என்று கேட்காமல் அதில் சேர வேண்டாம்.

உங்களுக்கு என் யோசனை, துறையை விட்டே போகாமல் மேசையின் மறுபக்கம் போய் அமருங்கள் என்பதுதான். பல நிறுவனங்களின் கணக்குகளை ஒரே பருவத்தில் முடித்துக் கொடுக்க வேண்டியிருப்பதுதான் தணிக்கை நிறுவனத்தில் உங்கள் மாலைப் பொழுதுகளை விழுங்குகிறது. ஏதேனும் ஒரு நிறுவனத்தின் வரிப் பிரிவிலோ உள்தணிக்கைப் பிரிவிலோ சேர்ந்தால், நெருக்கடி பெரும்பாலும் காலாண்டு முடிவிலும் ஆண்டு முடிவிலும்தான் வரும். அதுவும் எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரியும். தொடக்கத்தில் சம்பளம் சற்றுக் குறைந்தாலும், உங்கள் எட்டு ஆண்டு அனுபவம் அங்கே முழுமையாகச் செல்லுபடியாகும்.

கேள்வி: வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸராக மாறினால் நேரம் முழுவதும் என்னுடையதாகிவிடும் அல்லவா? ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கேட்பது என்று மட்டும் புரியவில்லை.

பதில்: நேரம் உங்களுடையதாகும், வாடிக்கையாளர் ஒரே ஒருவராக இல்லாதவரை. ஒருவரை மட்டும் நம்பியிருந்தால், விடுப்பும் காப்பீடும் தராத ஒரு முதலாளியிடம் வேலை பார்ப்பதாகத்தான் பொருள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, பலர் தங்கள் ஆண்டுச் சம்பளத்தை 2,080ஆல் வகுத்துவிடுகிறார்கள்; அதாவது 52 வாரங்களை 40 மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு. விடுமுறை, உடல்நலக் குறைவு ஆகியவற்றுக்கு ஆறு வாரங்களைக் கழித்தாலே 1,840தான் மிஞ்சுகிறது. அதிலும் வேலை தேடுவது, விலைப்புள்ளி அனுப்புவது, பில் போடுவது, வராத பணத்தைக் கேட்டு அலைவது என்று மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்று வைத்துக்கொண்டால், காசாகக்கூடிய நேரம் ஏறத்தாழ 1,200 மணிதான். ஆண்டுச் சம்பளத்தோடு காப்பீடு, ஓய்வூதியச் சேமிப்பு ஆகியவற்றையும் கூட்டி, அந்தத் தொகையை 1,200ஆல் வகுத்துப் பாருங்கள். வரும் எண்ணைக் கேட்கக் கூச்சமாக இருக்கும்; ஆனால் அதற்குக் கீழே ஒப்புக்கொண்டால், குறைந்த தொகையை ஈடுகட்ட இரவிலும் உட்கார்ந்து வேலை செய்ய நேரிடும்.

கேள்வி: வீட்டிலிருந்து பணியாற்றினால் பதவி உயர்வில் பின்தங்கிவிடுவோமா?

பதில்: எத்தனை நாள் வீட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சீனாவின் பெரிய பயணச்சேவை நிறுவனம் ஒன்றில் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூம் குழுவினர் நடத்திய இரண்டு சோதனைகள் இதற்குத் தெளிவான விடை தருகின்றன. 2015இல் வெளியான முதல் ஆய்வில், வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து பணியாற்றிய அழைப்பு மைய ஊழியர்களின் செயல்திறன் 13 விழுக்காடு உயர்ந்தது. ஆனாலும் அந்தத் திறனுக்கேற்ற பதவி உயர்வு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2024இல் வெளியான இரண்டாம் ஆய்வில் வீட்டிலிருந்து பணியாற்றியது வாரம் இரண்டு நாள் மட்டுமே. அங்கே பதவி உயர்வில் வேறுபாடு காணப்படவில்லை. வேலையை விட்டு விலகுவோர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கேட்டுப் பெற முடியுமானால், சில நாள் வீட்டிலும் சில நாள் அலுவலகத்திலும் பணியாற்றும் இந்த ஹைபிரிட் முறையையே கேளுங்கள்.

கேள்வி: சில ஆண்டுகள் வாரம் 60 மணி நேரம் உழைத்துச் சேர்த்துக்கொண்டால், பிறகு நிம்மதியாக இருக்கலாம் என்கிறாரே என் நண்பர்?

பதில்: வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நண்பரின் கணக்கில் இந்தச் செலவு விடுபட்டிருக்கிறது.

கேள்வி: விளம்பரங்களில் எல்லா நிறுவனங்களும் நெகிழ்வான பணிநேரம் என்கின்றன. உண்மையா என்று எப்படி அறிவது?

பதில்: நெகிழ்வது யாருடைய வசதிக்காக என்பதுதான் கேள்வி. 1967இல் ஜெர்மனியின் மியூனிக் அருகே ஒரு விமானத் தயாரிப்பு நிறுவனம் இம்முறையைக் கொண்டுவந்தபோது, எல்லோரும் கட்டாயம் இருக்க வேண்டிய மையநேரத்தைத் தவிர, வருவதும் போவதும் ஊழியரின் விருப்பமாக இருந்தது. இன்றோ பல இடங்களில், முதலாளி எப்போது அழைத்தாலும் ஊழியர் வளைந்து கொடுப்பதற்கும் அதே பெயரைச் சூட்டிவிடுகிறார்கள்.

நேர்முகத் தேர்வில் "நெகிழ்வுத்தன்மை உண்டா?" என்று கேட்டால் "உண்டு" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, மையநேரம் எது, கடைசியாக இரவு எட்டு மணிக்கு மேல் மீட்டிங் நடந்தது எப்போது, பணிநேரம் முடிந்த பின்னும் அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டிய ஆன்கால் முறை எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரும், குழுவில் யாரேனும் குறைந்த நேரப் பணியில் இருந்தபடியே பதவி உயர்வு பெற்றிருக்கிறார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மேலாளர் எவ்வளவு விரைவாக ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறார் என்று கவனித்தாலே பாதி விடை தெரிந்துவிடும். ஒப்புக்கொண்டதைப் பணிநியமனக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், பேசியதைத் தொகுத்து நீங்களே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, சரிதான் என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாக்குக் கொடுத்த மேலாளர் ஆறு மாதத்தில் வேறு பிரிவுக்கு மாறிப் போய்விட்டால், புதிதாக வருபவரிடம் காட்டுவதற்கு அதுவாவது கையில் இருக்கும்.