கார்பன் கூண்டும் ஒரு பி.டெக். கனவும்

வணக்கம் ஐயா. பிளஸ் டூ படிக்கும் மகள், "கார்பன் கூண்டுக்குள் அணுவை அடைத்து ஆற்றலைச் சேமிக்கும் ஆராய்ச்சிதான் செய்வேன், என்ஜினீயரிங் வேண்டாம்" என்று அடம் பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். திட்டாதீர்கள். அவளிடம் ஒரு கணக்கைக் கொடுங்கள்.

அவள் சொல்வது ஃபுல்லரீன். 60 கார்பன் அணுக்கள் கால்பந்து போலச் சேர்ந்த மூலக்கூறு. 1985இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். க்ரோட்டோ, கர்ல், ஸ்மாலி மூவருக்கும் 1996இல் நோபல் பரிசு. 2005இல் ஜப்பானின் கியோட்டோவில் கொமாட்சு குழுவினர் அந்தப் பந்தில் வேதிவினைகளால் ஓட்டை போட்டு, ஹைட்ரஜன் மூலக்கூறு ஒன்றை உள்ளே தள்ளி, மறுபடி மூடிவிட்டார்கள். அசாத்தியமான வேலை. ஆனால் அணு எடைக் கணக்கில் கூண்டின் எடை 720, உள்ளே போன ஹைட்ரஜன் வெறும் 2. ஆயிரம் கிலோ கூண்டைச் சுமந்தாலும் மூன்று கிலோ ஹைட்ரஜன் எரிபொருள் தேறாது! எடையில் 8 சதவீதம் வரை அடைக்க முடியும் என்று 2008இல் ரைஸிலேயே சொன்னார்கள். அது கணினியில் போட்ட கணக்கு. அடைத்ததை வேண்டும்போது வெளியே எடுப்பது வேறு தலைவலி.

இதைக் கேட்டு அவள் சோர்ந்துவிட்டால், வீடியோ பார்த்து வந்த ஆசை என்று வையுங்கள். "அப்போ கூண்டை எப்படித் திறப்பது?" என்று கேட்டால் ஆராய்ச்சிக்கு விட்டுவிடுங்கள்.

கூண்டை மட்டும் நம்பிப் படிக்க வேண்டாம் என்பது என் கருத்து. வேதியியலை அகலமாகப் படித்தால் பேட்டரி, ஹைட்ரஜன், சோலார் எல்லாப் பக்கமும் கதவு உண்டு. ஐஸர் என்னும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் (IISER) ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு இருக்கிறது, திருப்பதியும் திருவனந்தபுரமும் பக்கம்தான். இல்லையென்றால் நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், அப்புறம் ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. பேட்டரி ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று தெரிய, காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றி அவளைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.

பணம்? ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் பிஎச்.டி.யின் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். ஆனால் நிலையான வேலைக்குள் வர 28 வயதாவது ஆகிவிடும். நடுவில் கல்யாணப் பேச்சை எடுக்காமல் இருக்க உங்களால் முடியுமா? அவளைவிட உங்களுக்குத்தான் அது பெரிய பரீட்சை.

ஒன்று மறந்துவிடாதீர்கள்: ஐஸர் சேர்க்கைக்கு ஐ.ஏ.டி. என்று தனித் தேர்வு உண்டு. ஜே.இ.இ. எழுதுகிறாளே போதும் என்று இருந்துவிட வேண்டாம். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.