பழைய இடங்களை யார் திருத்துவது?

அன்புள்ள ஐயா,

எங்கள் நிறுவனத்தில் ஐந்து அணிகள் ஒரே மென்பொருளின் நிரலில் (கோட்) வேலை செய்கின்றன. நேர வலயம் பார்க்காமல் திகதியைக் கணக்கிடும் பழைய ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டு) ஒன்றை இனி யாரும் பாவிக்கக்கூடாது. அதற்கு, நிரலைக் கணினி ஓட்டக்கூடியதாக மாற்றும் கொம்பைலர் காட்டும்படி ஒரு எச்சரிக்கை போடப்போகிறேன். அடுத்த ரிலீசுக்கு முன் போடுவதா, பின் போடுவதா? எச்சரிக்கையைத் தமிழில் எழுதலாமா?

தங்கள் வாசகன், கொக்குவில்

அன்புள்ள தம்பி,

முன்னா பின்னா என்பதை உங்கள் அணித் தலைவரிடம் கேளுங்கள். ஐந்து அணிக்கும் தமிழ் தெரிந்தால் தாராளமாகத் தமிழில் எழுதுங்கள். ஆனால் அந்த ஃபங்ஷன் இப்போது எத்தனை இடத்தில் இருக்கிறது? நீங்கள் தேடிப் பார்த்ததாகவே தெரியவில்லையே!

திருநெல்வேலியில் நான் முன்பு வேலை செய்த அலுவலகத்தில் பில்ட் (நிரலை மென்பொருளாகக் கட்டும் வேலை) ஓடினால் திரை முழுக்க மஞ்சள் எச்சரிக்கை வரிகள். கம்பஸிலிருந்து பயிற்சிக்கு வந்த பிள்ளை ஒன்று முதல் கிழமை அவற்றைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தது. "அண்ணை, இதில எதைப் பாக்கோணும்?" என்று கேட்டது. "ஒண்டும் பாக்கத் தேவையில்லை. கடைசியில பில்ட் முடிஞ்சுதோ எண்டு மட்டும் பாரும்" என்றார் பக்கத்தில் இருந்தவர். பிள்ளை கொப்பியை மூடிவிட்டது. தொடக்க மதிப்பே கொடுக்காத ஒரு மாறியைப் பாவிக்கிறீர்கள் என்ற வரியும் அந்த மஞ்சளுக்குள்தான் கிடந்தது. பிறகு ஒரு வாடிக்கையாளரின் பில்லில் கூட்டுத்தொகை பிழைத்தபோது ஏச்சு வாங்கியது அந்தப் பிள்ளை. இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

நீங்களும் அதையே செய்யப் பார்க்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வரி வேலை. அதை வாசித்துத் தாண்டுவது மற்ற எல்லாருக்கும் தினசரி வேலை. கூகுளில் கொம்பைலர் எச்சரிக்கை என்ற இடைநிலையே வைத்துக்கொள்வதில்லை. ஒன்றில் அது பில்டை நிறுத்தும் பிழை, இல்லாவிட்டால் கோட் ரிவியூவில், அதாவது ஒருவரின் மாற்றத்தை இன்னொருவர் வாசித்துப் பார்க்கும்போது, வரும் குறிப்பு. பிழையாக்க வேண்டுமானால் அதற்குமுன் பழைய இடங்கள் முழுவதும் திருத்தப்பட்டிருக்க வேண்டும். திருத்துவது யார்? பிழையைக் கொண்டுவருபவர்கள். மற்ற அணிகள் அல்ல, புதிதாக வந்த பிள்ளைகள் அல்ல. இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஃபேஸ்புக்கில் இன்ஃபர் என்ற பிழை தேடும் கருவி முழு நிரலையும் இரவில் ஆராய்ந்து பிழைப் பட்டியல் கொடுத்தது. ஏறக்குறைய யாருமே திருத்தவில்லை. அதே ஆய்வின் முடிவை, ஒருவர் தன் மாற்றத்தை ரிவியூவுக்கு அனுப்பும் நேரத்தில் காட்டியபோது 70 சதவீதத்துக்கு மேல் திருத்தப்பட்டன. ஆட்கள் அதே ஆட்கள்தான். கோட் மனதில் சூடாக இருக்கும்போது சொன்னார்கள், அவ்வளவுதான்.

சரி, இன்று பின்னேரமே தேடிப் பாருங்கள். இருபது முப்பது இடம் என்றால் நீங்களே திருத்திவிட்டு நேரே பிழையாக்குங்கள். நூற்றுக்கணக்கில் வந்தால், புதிதாக எழுதும் வரிகளுக்கு மட்டும் ரிவியூவில் குறிப்பு வரட்டும். பழையதைக் கோப்புக் கோப்பாக நீங்கள் குறைத்துவாருங்கள். நேரமில்லை என்று மட்டும் எனக்கு எழுதவேண்டாம். குறிப்பில் மாற்று ஃபங்ஷனின் பெயரையும் போடுங்கள், வாசிப்பவர் அதைத் தேடி அலையக்கூடாது. எண்ணிக்கை தெரிந்ததும் அறியத்தாருங்கள்.