பொங்கலுக்கு ஊருக்குப் போனால் இடுப்பு ஏன் பிடித்துக்கொள்கிறது?

பண்டிகை நாள்களில் முதுகுவலி வராமல் பார்த்துக்கொள்ள என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். நான்கு ஆண்டுகளுக்கு முன் போகியன்று காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பொங்கல் மூன்று நாளும் பாயில் கிடந்தவன் என்ற ஒரே தகுதியில் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு 600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். முன்பதிவு செய்யத் தவறிவிட்டதால், பேருந்தின் கடைசி வரிசையில், சாய்க்க முடியாத இருக்கையில், 13 மணி நேரம் கூனிக்கொண்டே உட்கார்ந்து வந்தேன். விடிந்ததும் இறங்கி, ஆட்டோ பிடித்து வீடு போய்ச் சேர்ந்தேன். பரணில் இருக்கும் பித்தளை அண்டாவை இறக்கித் தரும்படி அம்மா சொன்னார். காபி குடித்துவிட்டு இறக்கலாம் என்றுதான் சொன்னார், நான்தான் கேட்கவில்லை. அண்டா எட்டு, ஒன்பது கிலோவுக்கு மேல் இருக்காது. முக்காலியில் ஏறி அதை வாங்கிக்கொண்டு இறங்கி, பாதங்களைத் திருப்பாமல் இடுப்பை மட்டும் திருப்பித் தரையில் வைக்கக் குனிந்தபோது சுளீரென்று வெட்டியது. அண்டாவைக் கீழே விடவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. அம்மா வந்து கையிலிருந்து வாங்கும்வரை வளைந்தபடியே நின்றேன்.

அந்த அண்டாவை அதற்கு முன் பத்து முறையாவது இறக்கியிருப்பேன். அன்றைக்கு மட்டும் ஏன் பிடித்தது என்பதைப் பின்னர் பிசியோதெரபி நிபுணர் விளக்கினார். கூனிய நிலையில் நெடுநேரம் உட்கார்ந்தால் முதுகெலும்புகளை இழுத்துக் கட்டியிருக்கும் தசைநார்கள் நீண்டு தளர்ந்துவிடுகின்றன; எழுந்து நின்றவுடன் அவை பழைய இறுக்கத்துக்குத் திரும்புவதில்லை. அந்த இடைவெளியில் குனிந்து தூக்கினால், சிறிய எடைகூடப் போதும். இரவு நன்றாகப் படுத்துத் தூங்கியவர்களுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் தூக்கத்தில் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பதற்கு அதுவே காரணம். அந்த உப்பல் வடியாத முதல் ஒரு மணி நேரத்தில் குனிவது வட்டுகளுக்குக் கூடுதல் சுமை. ஆக, எவ்வளவு தூக்குகிறோம் என்பதைப் போலவே எப்போது தூக்குகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். நம் பண்டிகைகளோ எல்லா வேலையையும் விடியற்காலையில்தான் வைத்திருக்கின்றன.

ஆகவே இப்போது பேருந்தை விட்டு இறங்கினால், பெட்டியை எடுத்துத் தரும்படி கிளீனரிடம் கேட்டுவிட்டு, தேநீர்க் கடைவரை நடந்து, இடுப்பில் கைவைத்து நான்கைந்து முறை மெல்லப் பின்னால் வளைகிறேன். வழியில் வண்டி நிற்கும் இடங்களிலெல்லாம், தூக்கம் கெட்டாலும், இறங்கி நடக்கிறேன். வீட்டில் முதல் ஒரு மணி நேரம் எதையும் தூக்குவதில்லை. சோம்பேறி என்று பெயர் வாங்கியாயிற்று.

வாசல் கோலம் இன்னும் மோசம். முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து, பனியில், எழுந்த பத்து நிமிடத்தில், அரை மணி நேரம் போடுகிறார்கள். தண்ணீர் தெளித்துப் பெருக்குவதை வேறொருவரிடம் விட்டுவிட்டுச் சிறிது நேரம் நடமாடியபின் தொடங்கலாம். பெரிய கோலத்தை முந்தின இரவே போட்டுவிடுவது அதைவிட நல்லது. முறுக்குப் பிழிவதைத் தரையில் அமர்ந்து செய்யாமல் மேடை அருகே நின்றபடி செய்தால் போதும்.

சமையல் எரிவாயு உருளையில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. உருளையின் எடையையும் சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. எல்லாம் சாதகமாக அமைந்த நிலையிலேயே ஒருவர் தூக்குவதற்கு அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு 23 கிலோதான். சக்கரம் வைத்த தாங்கி மலிவாகக் கிடைக்கிறது. இடுப்புப் பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டு தைரியமாகத் தூக்கலாம் என்று நினைக்க வேண்டாம்; வலி வராமல் அது தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் பிடித்துக்கொண்டால், நான் செய்ததுபோல் மூன்று நாள் படுத்துவிடாதீர்கள். தாங்கும் அளவுக்கு எழுந்து நடப்பதே விரைவில் குணமாக்கும் என்பதுதான் இன்றைய மருத்துவ அறிவுரை. வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். கால் முன்னே வரப் பிறந்தவர் உதைத்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்படிப் பிறந்த ஒரு பையனைச் சித்தி அழைத்தே வந்துவிட்டார், நான் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன். ஆனால் காலில் வலுக் குறைந்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றியும் ஆசனவாய்ப் பகுதியிலும் உணர்ச்சி மரத்தாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, அறியாமல் கழிந்தாலோ, பண்டிகை முடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். கீழ்முதுகில் நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளங்கள் அவை. தாமதமானால் அந்தப் பாதிப்பு நிலைத்துவிடக்கூடும்.