டெல்டாவில் புயல், வெள்ளத்துக்கு ஒரு குடும்பம் எப்படித் தயாராக வேண்டும்?

கேள்வி கேட்டவர் சென்னையிலிருந்து கணவரின் ஊரான பட்டுக்கோட்டைப் பக்கம் குடிவந்திருக்கிறார். வீட்டில் எழுபது வயது மாமியார், மூன்று வயதுப் பிள்ளை. ஐப்பசி பிறப்பதற்குள் என்னென்ன வாங்கி வைக்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

நான் மன்னார்குடிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் ஒரு கிராமத்துக்காரி. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்கள் தலைக்கு மேலேதான் போனது. முந்தின நாள் நாங்களும் கடைக்கு ஓடி மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பிஸ்கட், பிரெட் எல்லாம் வாங்கி வந்தோம். எல்லோரும் அந்த ஒரு ராத்திரியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். ராத்திரி விடிந்துவிட்டது. எங்களை வாட்டியது அதற்குப் பிறகு வந்த 23 நாள். அதுவும் தண்ணீருக்குப் பட்ட பாடு.

டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்துவிட்டன. போர்வெல் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் இருக்கிறது. கரண்ட் இல்லாமல் ஒரு சொம்புத் தண்ணீர் மேலே ஏறாது. ஊராட்சித் தொட்டிக்கும் அதே கதிதான். வேனில் ஏற்றி வந்து மணிக் கணக்கில் வாடகைக்கு விடும் ஜெனரேட்டர்கூட, ரோட்டில் கிடந்த தென்னைகளை வெட்டி ஒதுக்கிய பிறகு நாலாம் நாள்தான் எங்கள் தெருவுக்குள் வந்தது.

எங்கள் வீட்டு அடிபம்பை, மோட்டார் போட்ட வருஷமே அப்பா கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார். மூன்று வீடு தள்ளியிருந்த பெரியம்மா மட்டும் கொல்லையில் இருந்ததை எடுக்கவே விடவில்லை. வருஷக்கணக்காக அடிக்காததால் உள்ளே தோல் வாசர் காய்ந்து சுருங்கிக் கிடந்தது. முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பெரியம்மா மேல்வாயில் இரண்டு சொம்புத் தண்ணீரை ஊற்றி, "அடிடீ, நிறுத்தாம அடி" என்றார். நாற்பது அடி, ஐம்பது அடி அடித்திருப்பேன், கை கனத்தது, செம்மண் நிறத்தில் குபுக்கென்று வந்தது. அன்றிலிருந்து தெருவே அங்கேதான் குடத்தோடு நின்றது. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு முதல் இரண்டு குடம், மற்றவர்களுக்கு அப்புறம் என்று பெரியம்மாவே வரிசை போட்டுவிட்டார். ஆறாம் நாள் வாசர் கிழிந்தது. பழைய தோல் செருப்பை வட்டமாக வெட்டி, ராத்திரி முழுக்கத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, காலையில் மாட்டினார்கள். மறுபடி தண்ணீர் வந்தது.

இப்போது எங்கள் வீட்டில் அடிபம்பு இருக்கிறது, மாற்று வாசர் இரண்டும் இருக்கிறது. உங்களால் புதிதாகப் போட முடியாவிட்டாலும், எச்சரிக்கை வந்த அன்றே டேங்க், அண்டா, தவலை, கழுவிய டிரம் எல்லாவற்றையும் நிரப்பிவிடுங்கள். குடிக்க மட்டுமே ஓர் ஆளுக்கு நாளைக்கு மூன்று, நான்கு லிட்டர் ஒதுக்குங்கள், சமையலுக்கும் கழுவவும் தனி. வெள்ளத்துக்குப் பிறகு எந்தத் தண்ணீரானாலும் நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு நிறைந்த சிலிண்டர் ஒன்றோ காய்ந்த விறகோ வேண்டும். சாப்பாட்டுக்கு அவலும் வெல்லமும் பொட்டுக்கடலையும் போதும். அவலை அடுப்பில்லாமல் ஊறவைத்தே சாப்பிட்டுவிடலாம், பிரெட் மூன்று நாளில் பூத்துவிடும்.

அடுத்தது மருந்து. உங்கள் மாமியார் சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவரானால், புரட்டாசியிலேயே டாக்டரிடம் சொல்லி ஒரு மாதத்துக்கு முன்கூட்டி வாங்கி வையுங்கள். என் அம்மா இன்சுலின் போடுகிறவர். பிரிட்ஜ் நின்றுபோனதும் பதறிவிட்டோம். பெரிய மண்பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதில் பாலித்தீன் கவரில் சுற்றிய மருந்து, மேலே ஈரத்துணி. நிழலில் வைத்துக் காலை மாலை மணலை நனைத்துக்கொண்டே இருந்தோம். கெடாமல் இருந்தது.

அந்த ராத்திரியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வடக்கேயிருந்து அடித்த காற்று திடீரென்று அடங்கியது. முடிந்துவிட்டது என்று நினைத்து அப்பா டார்ச்சோடு மாட்டைப் பார்க்கப் போனார். அது புயலின் கண். நடுப்பகுதி நம்மைக் கடக்கும்போது காற்று நின்றுபோகும், பிறகு எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் திரும்ப அடிக்கும். அவர் தாழ்வாரத்துக்குள் ஏறவும் தெற்கேயிருந்து காற்று மோதவும் சரியாக இருந்தது. கொல்லையில் இருந்த தென்னை, மாடு நின்ற இடத்திலேயே விழுந்தது. மாட்டை அதற்குள் அவிழ்த்துவிட்டிருந்தார். ஆகவே மாடு கன்றைச் சாயங்காலமே மரத்தடியிலிருந்து அவிழ்த்துவிடுங்கள். காற்று அடங்கினாலும், ரேடியோவில் புயல் கடந்துவிட்டது என்று சொல்லும்வரை யாரையும் வாசல் தாண்ட விடாதீர்கள். அதற்காகவே பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று வேண்டும், செல்போன் டவர் முதலிலேயே போய்விடும். கூரை வீடோ பழைய ஓட்டு வீடோ ஆனால், இருட்டுவதற்கு முன்பே பள்ளிக்கூடத்துக்கோ புயல் பாதுகாப்பு மையத்துக்கோ போய்விடுவதுதான் சரி.

பத்திரங்கள், ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், சிட்டா, பட்டா எல்லாவற்றையும் கவரில் போட்டு மூடி இறுக்கமான எவர்சில்வர் டிரம்முக்குள் வையுங்கள். பீரோ நம்பிக்கையில்லை, எங்கள் பீரோவுக்குள் மழைத் தண்ணீர் இறங்கிவிட்டது. தோப்பு இருந்தால் இப்போதே மரங்களை எண்ணிப் போட்டோ எடுத்து வையுங்கள். கஜாவுக்கு விழுந்த தென்னை ஒன்றுக்கு, அப்புறப்படுத்தும் செலவும் சேர்த்து 1,100 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். கணக்கெடுக்க ஆள் வருவதற்கு முன்பே மரத்தை அறுத்துப் போட்டுவிட்டவர்கள் எங்கள் ஊரில் நிரூபிக்க அலைந்தார்கள்.

வெள்ளம் வேறு மாதிரி. 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. காற்றுக்குப் பயந்தவர்கள் தண்ணீரில் மாட்டிக்கொண்டார்கள். வீட்டைச் சுற்றியுள்ள வடிகாலை ஆயுத பூஜைக்குள் தூர்வாரிவிடுங்கள், அரிசி மூட்டையைப் பரண் மேல் ஏற்றுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு பாம்பு நிறைய வரும். கடித்தால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்கு. 108 ஆம்புலன்ஸ், 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள், போன் சார்ஜ் தீர்ந்தால் அடுத்தவர் போனில் அடிக்க வேண்டியிருக்கும்.

கோடாலி, அரிவாள், நீளமான வடக்கயிறு இந்த மூன்றையும் தீட்டி, முடிந்து, வீட்டுக்குள்ளேயே வையுங்கள். கொட்டகையில் வைத்தால் கொட்டகையோடு போய்விடும்.

கடைக்குப் போவதற்கு முன்பு, இன்று சாயங்காலமே மாமியாரை அழைத்துக்கொண்டு தெருவில் ஒரு சுற்று நடந்து வாருங்கள். யார் வீட்டுக் கொல்லையில் இன்னும் அடிபம்பு நிற்கிறது என்று அவருக்குத் தெரியும்.